பழியல்ல, பழுதைத் தேடு!

"விழுந்தது! முடிந்தது! இனி எழாது!" என்று கைகொட்டிச் சிரிப்போர் எந்த ஊரிலும் உண்டு. 2019 செப்டம்பர் 7 அன்று, நிலவில் இறங்கச் சென்ற சந்திரயான்-2இன் விக்ரம் கலம் மோதி நொறுங்கியபோதும் அந்தச் சிரிப்பு எழாமலில்லை.

அறிவியலாளர் என்ன செய்தனர்? மூலையில் முடங்கினரா? இல்லை, தோழர்களே! பழுது எங்கே என்று தேடினர். எதிர்பார்த்ததைவிட இயந்திரங்கள் அதிகம் உந்தின. பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சேர்ந்தன. விரைந்து திரும்பிச் சரிசெய்யக் கலத்தால் இயலவில்லை. இறங்கக் குறித்த இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர்தான்!

கண்டதை ஏட்டில் எழுதி மூடிவிட்டனரா? இல்லை! இறங்கும் இடத்தை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரித்தனர். கால்களை வலுவாக்கினர். எரிபொருளைக் கூட்டினர். ஐந்து இயந்திரங்களை நான்காக்கினர். 2019இல் சென்று, நொறுங்காமல் நிலவைச் சுற்றிவந்த தாய்க்கலத்தையே புதிய கலத்துக்குத் தொடர்புப் பாலமாக்கினர். தோல்வியில் மிஞ்சியதும் துணையாயிற்று!

2023 ஆகஸ்ட் 23, மாலை 6.04. சந்திரயான்-3 நிலவில் நின்றது! திட்ட இயக்குநர் யார்? விழுப்புரத்து ரயில்வே தொழிலாளியின் மகன் வீரமுத்துவேல்!

லேத்தில் ஓர் உருப்படி கெட்டால் நாம் செய்வதென்ன? மேஸ்திரியைத் திட்டுகிறோம், தலைவிதியை நோகிறோம். டூல் மழுங்கியதா, அளவு பிசகியதா என்று பார்க்கிறோமா? நெற்றியில் எழுத்தைத் தேடவேண்டாம்; பட்டறையில் பழுதைத் தேடுவோம்! கண்டவன் வளர்வான், கண்ணை மூடியவன் மீண்டும் அதே குழியில் விழுவான்!