டிக்கும் கவனக்குறைவும்: ஒரே பிள்ளைக்கு இரண்டு மருந்து

ஏ.டி.ஹெச்.டி. எனப்படும் கவனக்குறைவு மற்றும் மிகைத் துறுதுறுப்புக் கோளாறும், டிக் எனப்படும் திடீர் அசைவுகளும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்தே வருவது அரிதல்ல. டூரெட் நோய்க்குறி உள்ள பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஏ.டி.ஹெச்.டி.யும் இருக்கிறது. ஏ.டி.ஹெச்.டி. உள்ள பிள்ளைகளில் ஐந்தில் ஒருவருக்கு ஏதோ ஒரு வகை டிக் தென்படுகிறது. இரண்டுக்கும் தனித்தனியே மருந்துகள் உண்டு. ஆனால் கவனத்துக்குத் தரும் மருந்து டிக்கை ஏற்றிவிடும் என்ற அச்சம் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மருத்துவர்களிடமும் பெற்றோரிடமும் வேரூன்றி நிற்கிறது. அந்த அச்சத்தால் எத்தனையோ பிள்ளைகள் பலன்தரும் சிகிச்சை கிடைக்காமலேயே பள்ளிப் பருவத்தைக் கடந்துவிட்டார்கள்.

டிக் என்பது வலிப்பு அல்ல, கெட்ட பழக்கமும் அல்ல. கண்ணைச் சிமிட்டுவது, மூக்கை உறிஞ்சுவது, தோளைக் குலுக்குவது, தொண்டையைச் செருமுவது என்று சின்னச் சின்ன அசைவுகளாகவும் ஒலிகளாகவும் அது வெளிப்படும். பெரும்பாலும் ஐந்து, ஆறு வயதில் தொடங்கும். கண் சிமிட்டும் பிள்ளையை முதலில் கண் மருத்துவரிடமும், செருமும் பிள்ளையை ஒவ்வாமை மருத்துவரிடமும் அழைத்துப்போவதே வழக்கம். சொட்டு மருந்தும் இருமல் மருந்தும் தீர்ந்த பிறகுதான் இது வேறு என்று தெரியவரும். பல அசைவு டிக்குகளும் குறைந்தது ஓர் ஒலி டிக்கும் 18 வயதுக்கு முன் தொடங்கி, ஓராண்டுக்கு மேல் நீடித்தால் அதற்கு டூரெட் நோய்க்குறி என்று பெயர். 1885-இல் ஒன்பது நோயாளிகளை வைத்து இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் ஜார்ஜ் ழீல் த லா தூரெத்தின் பெயரே இதற்கு நிலைத்தது.

தும்மல் வருவதற்கு முன் மூக்கில் எழும் குறுகுறுப்பைப்போல, டிக்குக்கு முன்னும் ஓர் உந்துதல் எழுகிறது. பிள்ளை முயன்றால் சிறிது நேரம் அடக்கலாம். ஆனால் அடக்குவதற்குக் கவனம் செலவாகும். ஆசிரியர் கரும்பலகையில் கணக்குப் போடும்போது, கழுத்து வெட்டாமல் பார்த்துக்கொள்வதிலேயே ஒரு பிள்ளையின் முழுக் கவனமும் போய்விடலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது கவனக்குறைவாகவே தெரியும். உண்மையான ஏ.டி.ஹெச்.டி.யிலிருந்து இதைப் பிரித்தறிவது மருந்துக்கு முந்தைய முதல் வேலை. இந்த வேலையை அவசரத்தில் செய்யவே கூடாது. டிக் தொடங்குவதற்கு முன்பே, இரண்டு மூன்று ஆண்டு முன்னதாகவே, துறுதுறுப்பும் பொறுமையின்மையும் இருந்தனவா என்று கேட்பது பெரிதும் உதவும். ஏ.டி.ஹெச்.டி. பொதுவாக முந்தி வரும், டிக் பிந்தி வரும்.

இந்த முன்பின் வரிசைதான் பழைய குழப்பத்துக்கெல்லாம் மூலம். ஏ.டி.ஹெச்.டி.க்கு அதிகம் தரப்படுவது மீதைல்ஃபெனிடேட் என்ற ஊக்க மருந்து. 1944-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் உருவாக்கப்பட்டது. மூளையில் டோபமின், நார்அட்ரினலின் ஆகிய இரண்டு வேதிப்பொருள்களும் நரம்பு முனைகளுக்குள் திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுத்து, அவை கூடுதல் நேரம் வேலை செய்ய வழிசெய்கிறது. டிக்கைக் குறைக்கும் ஹாலோபெரிடால் 1960-களில் பயன்பாட்டுக்கு வந்தது. அது டோபமினைத் தடுக்கும் மருந்து. டோபமினைத் தடுத்தால் டிக் குறைகிறது என்றால், டோபமினைக் கூட்டினால் டிக் ஏறத்தானே வேண்டும்? தர்க்கம் நேராக இருந்தது. மீதைல்ஃபெனிடேட் தொடங்கிய சில பிள்ளைகளுக்குப் புதிதாக டிக் வந்ததாக 1970-களிலும் 1980-களின் தொடக்கத்திலும் மருத்துவ இதழ்களில் குறிப்புகள் வெளிவந்தன. அதன் விளைவாக, டிக் இருக்கும் பிள்ளைக்கும் குடும்பத்தில் டூரெட் உள்ள பிள்ளைக்கும் இதைத் தரக்கூடாது என்று அமெரிக்காவில் மருந்துக் குறிப்பிலேயே அச்சிடப்பட்டது.

அந்தக் குறிப்புகளில் விடுபட்டுப்போனது ஒப்பீடு. ஏழு வயதில் ஏ.டி.ஹெச்.டி.க்கு மருந்து தொடங்கும் பிள்ளை, டிக் வெளிப்படும் வயதில்தான் இருக்கிறது. மருந்து தராவிட்டாலும் சிலருக்கு அந்த ஆண்டில் டிக் வந்தே தீரும். போதாக்குறைக்கு, டிக் ஒரே சீராக இருப்பதில்லை. சில வாரம் ஏறும், சில வாரம் இறங்கும், கண்ணில் இருந்தது தோளுக்கு மாறும். தேர்வு, காய்ச்சல், வீட்டுச் சண்டை, திருவிழா உற்சாகம், எது வந்தாலும் கூடும். இவ்வளவு ஏற்ற இறக்கம் உள்ள ஒன்றின்மேல் மருந்தின் விளைவைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், மருந்து பெறாத ஒரு குழுவும் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

அப்படிப்பட்ட ஆய்வு அமெரிக்காவில் நடந்து, 2002-இல் ‘நியூராலஜி’ இதழில் வெளியானது. டூரெட் ஆய்வுக் குழு நடத்திய அந்த ஆய்வில் 7 முதல் 14 வயதுக்குட்பட்ட 136 பிள்ளைகள் இருந்தார்கள். அனைவருக்கும் ஏ.டி.ஹெச்.டி.யும் இருந்தது, டிக்கும் இருந்தது. குலுக்கல் முறையில் அவர்களை நான்காகப் பிரித்தார்கள்: மீதைல்ஃபெனிடேட் மட்டும், டிக்குக்குத் தரும் குளோனிடின் என்ற மருந்து மட்டும், இரண்டும் சேர்த்து, மருந்தில்லாத போலி மாத்திரை. யாருக்கு எது என்று பிள்ளைக்கோ பெற்றோருக்கோ மருத்துவருக்கோ தெரியாது. பதினாறு வார ஆய்வில் முதல் நான்கு வாரம் குளோனிடினைப் படிப்படியாக ஏற்றினார்கள். அடுத்த நான்கு வாரம் அதன்மேல் மீதைல்ஃபெனிடேட்டை ஏற்றினார்கள். மீதி எட்டு வாரம் அளவை மாற்றாமல் கவனித்தார்கள்.

டிக் மோசமானதாகச் சொன்னவர்கள் மீதைல்ஃபெனிடேட் குழுவில் 20 சதவீதம், குளோனிடின் குழுவில் 26 சதவீதம், போலி மாத்திரை குழுவில் 22 சதவீதம். குற்றம் சாட்டப்பட்ட மருந்துக்கும் வெறும் மாவு மாத்திரைக்கும் வேறுபாடு இல்லை. அளந்து பார்த்தபோது, போலி மாத்திரையோடு ஒப்பிட்டால் மருந்து பெற்ற மூன்று குழுக்களிலுமே டிக்கின் கடுமை குறைந்திருந்தது. இரண்டு மருந்தும் சேர்ந்த குழுவில் அதிகம் குறைந்தது, கவனத்திலும் நடத்தையிலும் அதே குழுவுக்குத்தான் அதிகப் பலன் கிடைத்தது. மீதைல்ஃபெனிடேட் கவனத்தை நிலைநிறுத்த உதவியது, குளோனிடின் துறுதுறுப்பையும் அவசரத்தையும் தணித்தது. இரண்டும் ஒரே வேலையைச் செய்யாமல் ஆளுக்கொரு பக்கம் தாங்கியதால்தான் சேர்க்கை வென்றது. 2015-இல் 22 ஆய்வுகளையும் 2,385 பிள்ளைகளையும் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோதும் அதே முடிவு. ஊக்க மருந்து பெற்றவர்களில் 5.7 சதவீதத்தினருக்கும், போலி மாத்திரை பெற்றவர்களில் 6.5 சதவீதத்தினருக்கும் டிக் புதிதாக வந்தது அல்லது கூடியது.

இதைப் படித்துவிட்டு எந்தப் பிள்ளைக்கும் டிக் ஏறாது என்று எண்ணிவிடக் கூடாது. குழுவின் சராசரிக்குள் ஒருசில தனிப் பிள்ளைகள் மறைந்திருக்கலாம். டெக்ஸ்ட்ரோஆம்ஃபெட்டமின் என்ற இன்னொரு ஊக்க மருந்து உயர்ந்த அளவில் சிலருக்கு டிக்கைக் கூட்டியதும் பதிவாகியிருக்கிறது. மருந்து தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே ஒரு நோட்டில் எந்த டிக், எப்போது, எவ்வளவு தொல்லை என்று குறிக்கத் தொடங்கினால், பின்னால் வரும் ஏற்றம் மருந்தாலா, இயல்பான சுழற்சியாலா என்று ஓரளவு சொல்லலாம். மருந்து தொடங்கிய நாளிலிருந்து மட்டும் குறிக்கும் நோட்டால் அது முடியாது.

சேர்க்கையின் மறுபாதியான குளோனிடின் முதலில் ரத்த அழுத்த மருந்து. மூளையில் நார்அட்ரினலின் வெளிப்பாட்டை அடக்குவது அதன் வேலை. டூரெட்டுக்கு அது உதவும் என்று 1979-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொனால்ட் கோகனும் உடனிருந்தவர்களும் எழுதினார்கள். 0.1 மில்லிகிராம் மாத்திரையில் பாதியை இரவில் தந்து தொடங்குவது வழக்கம். காரணம் தூக்கம்: 2002 ஆய்வில் குளோனிடின் பெற்றவர்களில் 28 சதவீதத்தினருக்கு மிதமான அல்லது கடுமையான தூக்க மயக்கம் இருந்தது. அந்தக் குறையே சில வீடுகளில் நிறையாகிவிடுகிறது. மீதைல்ஃபெனிடேட் பசியையும் தூக்கத்தையும் குறைக்கும். மாலையில் அதன் வேகம் வடியும்போது சில பிள்ளைகள் சிடுசிடுப்பார்கள், படுத்தால் தூக்கம் வராது. இரவுக் குளோனிடின் அந்த நேரத்தைத் தணிக்கிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த குவான்ஃபசினில் தூக்க மயக்கம் சற்றுக் குறைவு. 2001-இல் 34 பிள்ளைகளிடம் நடந்த எட்டு வார ஆய்வில் அது டிக்கை 31 சதவீதம் குறைத்தது, ஏ.டி.ஹெச்.டி.யிலும் முன்னேற்றம் தந்தது.

குளோனிடினில் பெற்றோர் ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது. அதைத் திடீரென நிறுத்தினால், அடங்கியிருந்த நார்அட்ரினலின் பீறிட்டு ரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் சட்டென எகிறலாம். மாத்திரையை ஊரில் மறந்துவிட்டுக் கல்யாணத்துக்குப் போவதும், வாந்தியில் இரண்டு நாள் மாத்திரை தங்காமல் போவதும் இதில் அடங்கும். அப்படி ஆனால் மருத்துவரை உடனே அழைக்க வேண்டும். மீதைல்ஃபெனிடேட்டை ஒருநாள் விட்டால் பழைய துறுதுறுப்பு திரும்புமே தவிர இத்தகைய ஆபத்து இல்லை. ஆனால் இந்தியாவில் மக்கள் காட்டும் எச்சரிக்கை தலைகீழ். மீதைல்ஃபெனிடேட் அட்டவணை எக்ஸ் மருந்து. மருத்துவர் சீட்டை இரண்டு பிரதியாகத் தர வேண்டும், கடைக்காரர் ஒன்றை இரண்டு ஆண்டு காக்க வேண்டும். அதனால் குடும்பங்கள் இதற்குக் காட்டும் எச்சரிக்கையை, தாத்தாவின் ரத்த அழுத்த மாத்திரையாகத் தோன்றும் குளோனிடினுக்குக் காட்டுவதில்லை. உண்மையில் ஒருநாள்கூடத் தவறக் கூடாதது குளோனிடின்தான்.

1990-களின் நடுவில், இவ்விரு மருந்துகளையும் சேர்த்து உட்கொண்ட சில பிள்ளைகள் இறந்ததாகச் செய்தி வந்து பெரும் கலக்கம் ஏற்பட்டது. மருந்துச் சேர்க்கைதான் காரணம் என்று நிறுவப்படவில்லை. 2002 ஆய்வில் இதயப் பாதிப்பு எதுவும் தென்படவில்லை. ஆனாலும் அந்தக் கலக்கம் ஒரு நல்ல வழக்கத்தை விட்டுச்சென்றது. குடும்பத்தில் இளவயது மாரடைப்போ திடீர் மரணமோ உண்டா, பிள்ளை எப்போதாவது மயங்கி விழுந்ததா என்று தொடக்கத்திலேயே கேட்கிறார்கள். சந்தேகம் இருந்தால் இசிஜி எடுக்கிறார்கள். ஒவ்வொரு முறை அளவு மாற்றும்போதும் நாடியும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். நீடித்து வேலை செய்யும் குளோனிடினை ஊக்க மருந்தோடு சேர்த்துத் தர 2010-இல் அமெரிக்க அரசே ஏ.டி.ஹெச்.டி.க்காக அனுமதி அளித்தது.

ஊக்க மருந்து ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு அட்டமாக்ஸெட்டின் உண்டு. டிக்கும் ஏ.டி.ஹெச்.டி.யும் உள்ள 148 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில் அது டிக்கை மோசமாக்கவில்லை. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் போன்றவை எழுகின்றனவா என்று தொடக்க மாதங்களில் கவனிக்க வேண்டும்.

டிக் கடுமையாக இருந்து, கழுத்து வலிக்க வலிக்கத் திரும்பும் அளவுக்கோ தன்னையே அடித்துக்கொள்ளும் அளவுக்கோ போனால் ரிஸ்பெரிடோன், அரிப்பிப்ரசோல் போன்றவை தேவைப்படலாம். இவற்றில் டூரெட்டுக்கென்றே அமெரிக்காவில் 2014-இல் அனுமதி பெற்றது அரிப்பிப்ரசோல். டோபமினைக் கூட்டும் ஊக்க மருந்தையும் அதைத் தடுக்கும் ரிஸ்பெரிடோன் போன்ற ஒன்றையும் சேர்த்துத் தருவது முரணாகத் தோன்றினாலும் நடைமுறையில் தருகிறார்கள். ஆனால் ரிஸ்பெரிடோனும் மீதைல்ஃபெனிடேட்டும் சேர்ந்திருக்கும்போது ஏதேனும் ஒன்றின் அளவைச் சட்டென மாற்றினால் கழுத்தோ தாடையோ இழுத்துக்கொள்ளும் தசைப்பிடிப்பு வரக்கூடும். இந்த மாத்திரைகளை வீட்டில் தாங்களாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

எதிர்பாராத இடத்திலிருந்தும் சிக்கல் வரும். டூரெட் பிள்ளைகள் பலருக்கு, ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வரும் எண்ணச் சுழற்சி நோயும் இருப்பதால், அதற்கான ஃப்ளூவாக்ஸெட்டின் மருந்தும் சேரும். அட்டமாக்ஸெட்டினையும் அரிப்பிப்ரசோலையும் சிதைக்கும் கல்லீரல் நொதியை அது முடக்குவதால், அதே மாத்திரை அளவுக்கு ரத்தத்தில் மருந்து பல மடங்கு ஏறிவிடலாம். டிக்குக்குத் தரும் பழைய மருந்தான பிமோசைடோடு, தொண்டைத் தொற்றுக்குத் தரும் கிளாரித்ரோமைசின் சேர்ந்தால் இதயத் துடிப்பின் ஒழுங்கே குலையலாம். இந்தச் சேர்க்கை அறவே கூடாது. ஒற்றைத் தலைவலிக்கான ப்ரோப்ரனலால் குளோனிடினோடு சேர்ந்தால் நாடி மிகவும் தாழும். மூக்கடைப்பு மருந்து கலந்த சளி சிரப்புகள் ஊக்க மருந்தோடு சேர்ந்து படபடப்பைக் கூட்டும். காய்ச்சலுக்குப் போகும் இடத்திலும் பழைய சீட்டைக் காட்டச் சொல்வது இதற்காகத்தான்.

எதை முதலில் தொடங்குவது? பிள்ளையை எது அதிகம் வருத்துகிறதோ அதை. பார்ப்பவர் கண்ணை உறுத்துவது டிக். பிள்ளையின் படிப்பையும் நட்பையும் அரிப்பது பெரும்பாலும் ஏ.டி.ஹெச்.டி. வலியோ கேலியோ இல்லாத டிக்குக்கு மருந்தே வேண்டியதில்லை, விளக்கிச் சொல்வதும் கண்டுகொள்ளாமல் விடுவதும் போதும். தொல்லை தரும் டிக்குக்குக்கூடப் பயிற்சி முறை முதலில் வரலாம். உந்துதலை உணர்ந்ததும் அதற்கு எதிரான அசைவைச் செய்யக் கற்பது அந்தப் பயிற்சி. தோள் குலுக்கும் பிள்ளை முழங்கையை விலாவோடு அழுத்திப் பிடிக்கும். 126 பிள்ளைகளிடம் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில் இந்தப் பயிற்சி தெளிவான பலன் தந்தது. அதற்கும் உட்கார்ந்து கவனிக்கும் திறன் வேண்டுமென்பதால், ஏ.டி.ஹெச்.டி.க்கு மருந்து கிடைத்த பிறகுதான் சில பிள்ளைகளால் அதைக் கற்க முடிகிறது. மருந்தானாலும் ஒரு நேரத்தில் ஒன்றையே தொடங்கி, பலன் தெரிந்த பின்னரே அடுத்ததைச் சேர்க்கிறார்கள். இரண்டையும் ஒன்றாகத் தொடங்கினால் எது உதவியது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

டிக் பொதுவாகப் பத்து முதல் பன்னிரண்டு வயதில் உச்சம் தொட்டு, பதின்வயது முடிவதற்குள் பெரும்பாலானோருக்குக் கணிசமாகத் தணிகிறது. ஏ.டி.ஹெச்.டி. அதைவிட நீண்டகாலம் தொடரக்கூடியது. ஆகவே சேர்க்கையில் முதலில் தேவையற்றுப்போவது டிக்குக்காகச் சேர்த்த மருந்தாகவே பெரும்பாலும் இருக்கும். டிக் சில மாதங்கள் தணிந்தே இருந்தால், தேர்வு இல்லாத விடுமுறைக் காலமாகப் பார்த்து, மருத்துவர் சொற்படி குளோனிடினைச் சில நாளுக்கு ஒருமுறை 0.1 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் குறைத்து, ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே நிறுத்துகிறார்கள். இடையில் டிக் திரும்பினால் முந்தைய அளவுக்குப் போய், சில மாதம் கழித்து மறுபடி முயல்கிறார்கள்.