பூட்டுக்கு அப்பால் இருப்பது யார்?

2021 பெப்ரவரி 6, சனிக்கிழமை. சுதந்திர தினம் முடிந்து இரண்டு நாள். நாட்சம்பளம் ஆயிரம் ரூபா கேட்டு மலையகத் தோட்டங்களில் அடையாள வேலைநிறுத்தம் நடந்து ஒரே நாள். அன்று கூகுள் டொட் எல்கே என்று தட்டியவர்களுக்குத் தேடல் பெட்டி வரவில்லை. தேயிலைத் தொழிலின் பிரச்சினைகள், ஊடக சுதந்திரம், அரசியல் ஊழல், சிறுபான்மையினரின் நிலை என்று நாட்டின் குறைகளை அடுக்கிச் சொல்லும் வேறொரு பக்கம் வந்தது. ஒரக்கிள் நிறுவனத்தின் எல்கே முகவரியும், உள்ளூர் வணிக, செய்தித் தளங்கள் சிலவும் அதே பக்கத்துக்குத் திருப்பப்பட்டிருந்தன. சில மணி நேரத்தில் எல்லாம் சரிசெய்யப்பட்டது.

லிந்துலையிலும் அக்கரப்பத்தனையிலும் கொழுந்து பறிப்பவர்களுக்கு அந்தக் குறைகள் புதியவை அல்ல, உண்மையானவையும்கூட. ஆனால் அந்தப் பக்கம் வந்த வழியைத்தான் இங்கே கவனிக்க வேண்டும். அதே வழியில் உங்கள் வங்கியின் முகப்பை அச்சாகப் பிரதி செய்த ஒரு பக்கமும் வந்திருக்கலாம். நீங்களும் பாஸ்வேர்டைத் தட்டியிருப்பீர்கள்.

கூகுளின் கணினி எதையும் யாரும் உடைக்கவில்லை. இணையத்தில் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் இலக்கம் உண்டு. மனிதர் நினைவில் வைக்கும் பெயரை அந்த இலக்கமாக மாற்றித் தரும் ஏற்பாட்டுக்கு டிஎன்எஸ் என்று பெயர். எல்கே என்று முடியும் பெயர்களின் மூலப் பதிவு எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரியிடம் இருக்கிறது. அங்கே சில பெயர்களின் பதிவு மாற்றப்பட்டது. அவ்வளவுதான். கூகுள் எவ்வளவு பலமான சுவர் எழுப்பியிருந்தாலும், வருகிறவரை வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அந்தச் சுவரால் பயனில்லை.

'தளத்தில் பூட்டுச் சின்னம் இருக்கிறது, ஆகவே பாதுகாப்பானது' என்று இன்னமும் பலர் சொல்கிறார்கள். பயிற்சி வகுப்புகளிலும் அப்படியே சொல்லிக் கொடுக்கிறார்கள். எச்டிடிபிஎஸ் என்ற முறை இரண்டு வேலைகளைச் செவ்வனே செய்கிறது. உங்கள் கைபேசிக்கும் தளத்துக்கும் இடையே போகும் தகவலை வழியில் உள்ளவர் படிக்க முடியாது, மாற்றவும் முடியாது. தலவாக்கலை நகரத்து வைஃபையானாலும், தொலைபேசி நிறுவனத்தின் கோபுரமானாலும், அந்தத் தகவலில் இடையில் இருப்பவருக்குத் தெரிவது குழம்பிய எழுத்துகள் மட்டுமே. இந்த மறைப்பைச் செய்யும் டிஎல்எஸ் என்ற நெறிமுறையின் 1.3ஆம் பதிப்பு 2018இல் வெளியாகி இந்தப் பகுதியை மிக உறுதியாக்கிவிட்டது. அதை உடைத்து உள்ளே போக எந்தத் திருடனும் மெனக்கெடமாட்டான்.

மூன்றாவது வேலை, மறுமுனையில் இருப்பது யார் என்று காட்டுவது. இங்கேதான் எல்லை வருகிறது. சாதாரணச் சான்றிதழ் உறுதிப்படுத்துவது பெயரை மட்டும். 'இந்தப் பெயரைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவரின் கணினி இது' என்பதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை. லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற அமைப்புகள் 2015 முதல் இலவசமாகச் சான்றிதழ் தருகின்றன. பெயர் உங்களுடையதுதானா என்று பார்க்க, தளத்தில் ஒரு சிறு கோப்பை வைக்கவோ டிஎன்எஸ் பதிவில் ஒரு வரியைச் சேர்க்கவோ சொல்லும். டிஎன்எஸ் பதிவே திருடன் கையில் இருந்தால் அந்தச் சோதனையில் அவனும் தேறுவான். பூட்டும் கிடைக்கும். போலிப் பெயரில் தளம் தொடங்குபவனுக்கோ அந்தச் சிரமம்கூட இல்லை. பூட்டை மக்கள் நம்பிக்கைச் சின்னமாகப் பிழையாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று கண்டு, குரோம் உலாவி 2023 செப்டம்பரில் அந்தச் சின்னத்தையே எடுத்துவிட்டது.

சான்றிதழ் கொடுப்பவரையே உடைத்த கதையும் உண்டு. 2011இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் நிறுவனத்துக்குள் புகுந்தவர்கள் கூகுளின் பெயரில் போலிச் சான்றிதழ் உருவாக்கினார்கள். அதை வைத்து ஈரானில் ஜிமெயில் பயனாளர்களின் தகவல் ஒட்டுக்கேட்கப்பட்டது. நிறுவனம் அதே ஆண்டில் திவாலானது. வழங்கப்படும் ஒவ்வொரு சான்றிதழும் எல்லோரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேட்டில் ஏறவேண்டும் என்ற ஏற்பாடு அதற்குப் பின் வந்தது. தளம் நடத்துகிறவர் தன் பெயரில் தனக்குத் தெரியாத சான்றிதழ் ஏதும் ஏறுகிறதா என்று அங்கே கண்காணிக்கலாம். பெயர்ப் பதிவுக் கணக்குக்கு இரண்டாம் சரிபார்ப்புப் போடுவது, பதிவை எளிதில் மாற்ற முடியாதபடி பூட்டச் சொல்வது, எந்த நிறுவனம் தனக்குச் சான்றிதழ் தரலாம் என்று டிஎன்எஸ்ஸில் எழுதிவைப்பது, பூட்டு இல்லாத வழியில் தன் தளம் ஒருபோதும் திறக்காதபடி உலாவிக்குக் கட்டளையிடுவது எல்லாம் ஒரு நாளில் முடியும் வேலைகள். பாடசாலைக்கோ, கூட்டுறவுச் சங்கத்துக்கோ, தொழிற்சங்கத்துக்கோ தளம் கட்டித் தருகிற நம் பிள்ளைகள் இவற்றை முதல் நாளே செய்துவிட வேண்டும்.

மறுமுனையில் இருப்பது உண்மையான தளம்தான் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தளத்துக்கும் நீங்கள் யார் என்று தெரிய வேண்டுமே. இலங்கையில் பெரும்பாலான தளங்கள் இங்கே கைநீட்டுவது தேசிய அடையாள அட்டை இலக்கத்தை நோக்கி. எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான்.

பழைய அட்டையின் இலக்கத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். 85578 என்று தொடங்கினால், முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு: 1985. அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணானால் அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். 578இல் 500ஐக் கழித்தால் 78. எல்லா ஆண்டிலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்று கொண்டே இந்தக் கணக்குப் போடப்படுகிறது. ஜனவரி 31, பெப்ரவரி 29, ஆக 60, மீதி 18. மார்ச் 18ஆம் திகதி பிறந்த பெண். 2016இல் வந்த 12 இலக்க அட்டையில் ஆண்டு நான்கு எண்ணாக நிற்கிறது. மற்றக் கணக்கு அதேதான்.

இப்போது ஒரு தளம் அடையாள அட்டை இலக்கத்தைப் பயனர் பெயராகவும் பிறந்த திகதியைப் பாஸ்வேர்டாகவும் வைத்திருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கேள்வி கேட்டதாக அது நினைக்கிறது. உண்மையில் கேட்டது ஒன்று. அந்த ஒன்றும் இரகசியம் அல்ல. தோட்டத்து மனிதர் ஒருவரின் அட்டைப் பிரதி ஊழியர் சேமலாப நிதிக் கோவையில், கிராம உத்தியோகத்தரிடம், சிம் விற்ற கடையில், நகை அடகு பிடித்த இடத்தில், பிள்ளையின் பாடசாலையில் எல்லாம் இருக்கிறது.

அந்த அட்டை மலையகத்தில் வெறும் பிளாஸ்டிக் துண்டு அல்ல. 1948இன் குடியுரிமைச் சட்டம் இந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரண்டு நாடுகளுக்கிடையே பங்கு பிரித்தது. எஞ்சியிருந்தோருக்கான சட்டம் வந்தது 2003இல். பாட்டன் பாட்டி ஆயுள் முழுக்கக் காத்திருந்து பெற்ற உரிமையின் அடையாளத்தை, எவரும் எழுதித் தட்டிவிடக்கூடிய திறப்பாக மாற்றிவைப்பது பெரிய அநியாயம். அடையாள இலக்கம் ஒருவர் யார் என்று குறிப்பிட உதவும். வந்திருப்பது அவர்தான் என்று அது நிரூபிக்காது. இந்த இரண்டையும் ஒன்றாக்குகிற நிரலர் மற்ற எதைச் சரியாகச் செய்தாலும் தளம் திறந்தே கிடக்கிறது.

அதனால்தான் பாஸ்வேர்ட் தேவைப்படுகிறது. அதைத் தளம் எப்படிச் சேமிக்கிறது என்பது அடுத்த கேள்வி. 2009இல் ரொக்யூ என்ற நிறுவனம் 3 கோடி 20 இலட்சம் பாஸ்வேர்டுகளை அப்படியே எழுத்தெழுத்தாக வைத்திருந்து பறிகொடுத்தது. 2013இல் அடோபி செய்த தவறு நுட்பமானது. அவர்கள் குறியாக்கம் செய்துதான் வைத்திருந்தார்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே திறப்பு. ஒரே பாஸ்வேர்ட் வைத்திருந்த எல்லோருக்கும் ஒரே குறியீடு வந்தது. பயனர்கள் எழுதிய நினைவூட்டல் குறிப்புகளோ பக்கத்திலேயே வெறும் எழுத்தில் கிடந்தன. திறப்பே இல்லாமல் ஆயிரக்கணக்கானவற்றை ஊகித்துவிட்டார்கள்.

பாஸ்வேர்டைக் குறியாக்கம் செய்து வைக்கவே கூடாது. குறியாக்கம் என்றால் திறக்கலாம் என்று பொருள். வேண்டியது ஹாஷ். தேயிலைத் தூளிலிருந்து பச்சைக் கொழுந்தைத் திரும்ப எடுக்க முடியாததுபோல, ஹாஷிலிருந்து பாஸ்வேர்டைத் திரும்ப எடுக்க முடியாது. நீங்கள் மறுபடி நுழையும்போது தட்டியதை அதே முறையில் மாற்றி, விடை ஒன்றா என்று தளம் பார்க்கும். ஆனால் சாதாரண ஹாஷ் மிக வேகமானது. திருடனும் வேகமாக ஊகித்துப் பார்க்கலாம். 2012இல் லிங்க்ட்இன் மாட்டிக்கொண்டது இதில்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஓர் எதேச்சை எண்ணைச் சேர்த்து, வேண்டுமென்றே மெதுவாக ஓடும்படி செய்த முறைகள் இருக்கின்றன. பிகிரிப்ட் 1999இல் வந்தது. ஆர்கன்2, 2015இல் நடந்த உலகப் போட்டியில் வென்றது. இரண்டும் இலவசம். நம்முடைய புத்தியில் புதிதாக ஒன்றை எழுதிப் பார்ப்பது இங்கே ஆபத்து.

உங்கள் தளம் எப்படி என்று நீங்களே சோதிக்கலாம். 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டது' என்பதை அழுத்துங்கள். பழைய பாஸ்வேர்டே மின்னஞ்சலில் வந்து நின்றால், அவர்களிடம் அது திறந்தபடியோ திறக்கக்கூடியபடியோ இருக்கிறது. அந்தப் பாஸ்வேர்டை வேறு எங்கும் பயன்படுத்தியிருந்தால் இன்றே மாற்றுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்று, பெரிய எழுத்து ஒன்று, குறி ஒன்று என்று வதைக்கும் விதிகளை அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2017லேயே கைவிடச் சொல்லிவிட்டது. நீளமே முக்கியம். நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்தெழுதினால் போதும்.

நகரத்துக் கம்யூனிகேஷன் கடைகளை நினைக்காமல் இங்கே தளம் கட்டக்கூடாது. விண்ணப்பம் நிரப்பித் தருபவரே மின்னஞ்சல் முகவரி உருவாக்கி, பாஸ்வேர்டும் போட்டு, துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுக்கிறார். நல்ல மனதோடுதான் செய்கிறார். அடுத்தவர் அதே கணினியில் உட்காருகிறார். ஒருமுறை நுழைந்தபின் உங்களை அடையாளம் காட்டுவது உலாவியில் இருக்கும் குக்கி. 2010இல் ஃபயர்ஷீப் என்ற சிறு நிரல், பொது வைஃபையில் பறந்த குக்கிகளைப் பிடித்து, பிறர் பேஸ்புக் கணக்குக்குள் ஒரே சொடுக்கில் நுழையலாம் என்று காட்டியது. பாஸ்வேர்டே தேவைப்படவில்லை. ஆகவே குக்கி பூட்டிய வழியில் மட்டும் போகவேண்டும், பக்கத்தில் ஓடும் பிற நிரல் அதைத் தொடக்கூடாது, வெளியேறு என்று அழுத்தியதும் தளத்தின் பக்கத்திலேயே அது செத்துவிட வேண்டும். பல தளங்கள் உலாவியில் இருப்பதை மட்டும் அழித்துவிட்டு நிறுத்திக்கொள்கின்றன. வெளியேறும் பொத்தானைத் தமிழில் பெரிதாகப் போடுவதும் பாதுகாப்பு வேலைதான்.

பாஸ்வேர்டுக்கு மேல் இரண்டாம் சரிபார்ப்பாக வருவது ஓடிபி, அதாவது ஒருமுறை மட்டும் செல்லும் இலக்கம். அந்தக் குறுஞ்செய்திகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகின்றன. லயத்தில் ஒரே கைபேசியை நாலு பேர் பாவிக்கும் வீட்டில், அழைப்பில் ஒருவன் 'பரிசு விழுந்திருக்கிறது, வந்த இலக்கத்தைச் சொல்லுங்கள்' என்றால் அம்மா வாசித்துக் காட்டிவிடுவார். அது எதற்கான இலக்கம் என்று செய்தி அவருக்குப் புரிகிற மொழியில் சொல்லவே இல்லை. தமிழில் அனுப்பினால் செலவு கூடும் என்பார்கள். ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றுக்கு 160 எழுத்து, தமிழுக்கு 70 என்பது உண்மை. கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். ஆனால் இதைப் பாருங்கள்: 'இது ரூ. 5000 அனுப்பும் இலக்கம். யாருக்கும் சொல்லாதீர்கள்: 482913'. எல்லாம் எண்ணினால் 64. ஒரே செய்திக்குள் அடங்குகிறது.

போலித் தளத்தில் தட்டிய ஓடிபியைத் திருடன் அந்த நிமிடமே உண்மைத் தளத்தில் தட்டிவிடலாம் என்பதும் உண்டு. 2019இல் தரமாக்கப்பட்ட வெப்ஓத்தன் முறை, இன்று பாஸ்கீ என்று வருவது, இதற்கு நல்ல பதில். கைபேசியில் உள்ள திறப்பு தளத்தின் பெயரோடு பிணைக்கப்பட்டது. பெயர் ஓர் எழுத்து மாறினாலும் அது வாய் திறக்காது. ஏமாற மனிதருக்கே வாய்ப்பில்லை. ஆனால் பகிர்ந்து பாவிக்கும் கைபேசியில் யார் விரல் வைப்பது என்ற கேள்வி மிஞ்சுகிறது. வசதி வந்தவர்களுக்கு அதைக் கொடுத்துவிட்டு, மற்றவர்களுக்கு வேறு வழியும் திறந்து வைக்க வேண்டும்.

சட்டமும் இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், மக்களின் தரவைக் கையாள்பவர் எடுக்கவேண்டிய ஏற்பாடுகளில் குறியாக்கத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. மீறினால் ஒரு கோடி ரூபா வரை தண்டம் விதிக்க இடமுண்டு. அதே குறியாக்கம் திருடன் கையிலும் ஆயுதமாகும். அடுத்த ஆண்டே, 2023 ஓகஸ்டில், அரசாங்க மேகக் கணினியைத் தாக்கியவர்கள் கோப்புகளைத் தங்கள் திறப்பால் பூட்டிவிட்டார்கள். மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் போயின. தனியே எடுத்துவைத்த பிரதி இல்லை.

கடைசியாக, கணக்கை மீட்கும் வழி. முன்வாசலில் பாஸ்கீ, ஆர்கன்2 எல்லாம் வைத்த தளம், 'மறந்துவிட்டேன்' என்றதும் அடையாள அட்டை இலக்கத்தையும் பிறந்த திகதியையும் கேட்டு உள்ளே விட்டால் மற்றதெல்லாம் வீண். குறுஞ்செய்தியை மட்டும் நம்பினாலும் சிக்கல்: கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளை சிம்மை மாற்றிவிட்டால் தோட்டத்தில் உள்ள தாயின் கணக்குத் தொலைந்தது. கணக்குத் தொடங்கும்போதே ஒருமுறை மட்டும் செல்லும் சில மீட்பு இலக்கங்களைத் தமிழில் விளக்கத்தோடு அச்சிட்டுக் கொடுக்கலாம்; அட்டையை வைக்கும் பெட்டியில் அதையும் வைப்பார்கள். அதுவும் இல்லாதவர் பிரதேச செயலகத்துக்கோ வங்கிக் கிளைக்கோ நேரே போய், முகத்தையும் அட்டையையும் காட்டி மீட்கும் ஒரு வழி கட்டாயம் இருக்கவேண்டும். அப்படி மீட்ட உடனே பழைய நுழைவுகள் எல்லாவற்றையும் தளம் வெட்டிவிட வேண்டும்; கணக்கு மீட்கப்பட்டது என்ற செய்தி பழைய தொலைபேசி இலக்கத்துக்கும் போகவேண்டும்.