பார்வைத் தட்டில் ஒரு குழி

விழித்திரையிலிருந்து பத்து லட்சம் நரம்பிழைகள் ஒன்றுகூடி மூளைக்குக் கிளம்பும் இடம்தான் பார்வைத் தட்டு. அகலம் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர். சொட்டு மருந்து விட்டு, கண் பாப்பாவை விரித்துப் பார்த்தால் இளஞ்சிவப்பு வட்டமாகத் தெரியும். ஏறத்தாழ 11,000 பேரில் ஒருவருக்கு அந்த வட்டத்துக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு சிறு குழி இருக்கும். அதுவும் பெரும்பாலும் ஒரு கண்ணில் மட்டும், நெற்றிப்பொட்டுப் பக்கத்துக் கீழோரத்தில். 1882-ல் வீத்தே என்ற மருத்துவர் இதை முதலில் பதிவு செய்தார். இது பிறவியிலேயே வருவது.

குழி இருக்கும் இடத்தில் பெரும்பாலும் தொந்தரவு இல்லை. பாதிப்பு வந்தால், அது சற்றுத் தள்ளி, படிக்கவும் முகம் அறியவும் உதவும் மாகுலாவில்தான். இருபது, முப்பது வயதில் எழுத்தின் நடுப்பகுதி மங்கும். கதவு நிலை வளைந்து தெரியும். குழி வழியாகக் கசியும் திரவம் விழித்திரை அடுக்குகளைப் பிரித்துக்கொண்டு மாகுலாவரை போய்விடுகிறது.

இந்தப் பாதையைக் கண்முன் காட்டியது ஓ.சி.டி. ஸ்கேன். சாதாரண விழித்திரைப் படம் மேலிருந்து பார்ப்பது. அதில் ஆழம் தெரியாது. 1991-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஹுவாங், ஃபுஜிமோட்டோ குழுவினர் அறிமுகப்படுத்திய இந்தக் கருவி, அகச்சிவப்பு ஒளியைக் கண்ணுக்குள் அனுப்புகிறது. ஒவ்வோர் அடுக்கும் திருப்பி அனுப்பும் ஒளியை, கருவிக்குள்ளேயே ஓடும் இன்னொரு கற்றையோடு சேர்க்கிறது. இரண்டும் குறுக்கிடும் விதத்திலிருந்து அடுக்கின் ஆழம் கணக்காகிறது. இன்றைய கருவிகள் சுமார் 5 மைக்ரான் இடைவெளியைக்கூடப் பிரித்துக் காட்டும். கண்ணைத் தொடுவதில்லை, ஊசியும் இல்லை. நரம்பிழைகள் நுழைந்து செல்லும் சல்லடைத் தகட்டில் எங்கே பிளவு, அங்கிருந்து திரவம் எந்த அடுக்குக்குள் போகிறது என்பதெல்லாம் குறுக்குவெட்டாகத் தெரியும்.

அந்தத் திரவம் கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லிலிருந்து வருவதா, மூளையைச் சூழ்ந்த நீரா? மருத்துவர்கள் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை.

எனக்குக் கவலை தருவது வேறு. மாகுலாவை மட்டும் ஸ்கேன் செய்தால், அங்கே தேங்கிய நீரை வேறொரு நோயாக எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. இளவயதினருக்கு வரும் சென்ட்ரல் சீரஸ் என்ற நீர்க்கோவையும் கிட்டத்தட்ட இப்படித்தான் தெரியும். அது பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே வற்றிவிடும் என்பதால் காத்திருக்கச் சொல்வார்கள். குழியால் வந்த நீரை அப்படியே நீண்ட காலம் விட்டால் மாகுலா நிரந்தரமாகக் கெட்டுப்போகலாம். ஆகவே ஸ்கேன் பார்வைத் தட்டையும் சேர்த்து எடுக்கப்பட வேண்டும். தேவைப்பட்டால் ஜெல்லை அகற்றும் விட்ரெக்டமி அறுவை சிகிச்சை செய்கிறார்கள். அதன்பின் நீர் முழுதாக வற்ற ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.