நெடுந்தீவும் பிராந்தியக் கூட்டுறவும்: ஒரு மின்திட்டத்தின் அரசியற் பொருளாதாரம்

வளர்முக நாடுகள் பிராந்தியக் கூட்டமைப்புகளில் இணைவதால் எய்தும் பயன்கள் பெரும்பாலும் தலைநகரங்களின் புள்ளிவிபரங்களைக் கொண்டே மதிப்பிடப்படுகின்றன. அவ்விணைவின் விளைவை ஒரு சிறு தீவில் நின்று நோக்குவதே இங்கு எமது முயற்சியாகும்.

குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகேறிச் சென்றடைய வேண்டிய நெடுந்தீவைத் தேசிய மின்வலையமைப்பு எட்டியதில்லை. கடல்வழி கொண்டுசெல்லப்படும் டீசலில் இயங்கிய மின்பிறப்பாக்கிகளே அங்கு ஒளி தந்தன. டீசலுக்குச் செலாவணி வேண்டும். எனவே கொழும்பில் டொலர் அருகும்போது அதன் நிழல் இத்தீவிலும் விழும். இந்நிலையை மாற்றுவதற்கு நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் சூரிய ஒளியையும் காற்றையும் இணைத்து மின்சாரம் பெறும் திட்டம் வகுக்கப்பட்டது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் கூடிய அத்திட்டத்தை 2021 ஜனவரியில் சீனக் கூட்டு நிறுவனமொன்றிற்கு வழங்க இலங்கை அமைச்சரவை அங்கீகாரம் அளித்தது. தமிழ்நாட்டுக் கரைக்கு இத்துணை அண்மையிற் சீனர் காலூன்றுவதை இந்தியா எதிர்த்தது. மூன்றாந் தரப்பொன்றின் பாதுகாப்புக் கவலை காரணமாகப் பணிகள் இடைநிறுத்தப்பட்டதாக அவ்வாண்டு டிசெம்பரில் சீனத் தரப்பு அறிவித்தது. 2022 மார்ச்சில், வங்காள விரிகுடா நாடுகளின் கூட்டமைப்பான பிம்ஸ்டெக்கின் உச்சி மாநாடு கொழும்பில் நடந்த அதே வாரத்தில், இத்திட்டத்தை இந்திய நன்கொடையில் நிறைவேற்றுவதற்கான புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. 2024 மார்ச் 1ஆம் திகதி இந்திய நிறுவனமொன்றுடன் ஒப்பந்தம் எழுதப்பட்டது. நன்கொடை ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் டொலர். மூன்று தீவுகளுக்குமாக 1,700 கிலோவாற் சூரிய மின்சாரமும் 530 கிலோவாற் காற்று மின்சாரமும் திட்டமிடப்பட்டன.

கடன் நன்கொடையானது நன்மையே. ஆயினும் இங்கு உற்றுநோக்க வேண்டியது பிறிதொன்று. மாநாட்டு மண்டபத்திற் பட்டயம் கைச்சாத்திடப்பட்டது. தீவின் மின்சாரமோ மண்டபத்திற்கு வெளியே, இரு அரசுகளுக்கிடையில் முடிவாயிற்று. 1997இல் பாங்கொக்கில் தோன்றிய பிம்ஸ்டெக் தனது பட்டயத்தைக் காண 25 ஆண்டுகள் சென்றன. 2004இல் சட்டக உடன்படிக்கை கண்ட சுதந்திர வர்த்தக வலயம் இன்னும் உருப்பெறவில்லை. கூட்டமைப்பு வலுவற்றதாயின் சிறிய நாடு பெரிய நாட்டுடன் தனித்தே பேரம்பேச நேரிடும். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் மீளளிப்பை இடைநிறுத்திய நாட்டிற்குப் பேரம்பேசும் வலு எவ்வளவு இருந்திருக்கும்?

தென்கிழக்காசியாவின் அனுபவம் இதற்கு ஒப்பீடாக அமைகின்றது. வியட்நாம் 1986இல் ‘டொய் மொய்’ எனும் பொருளாதாரச் சீர்திருத்தத்தைத் தொடங்கி, 1989இல் கம்போடியாவிலிருந்து படைகளை மீட்டு, 1995இல் ஆசியான் அமைப்பிற் சேர்ந்தது. உள்நாட்டு மாற்றம் முந்தியது, இணைவு பிந்தியது. அதனால் இணைவு அதற்குச் சந்தையையும் மூலதனத்தையும் திறந்துவிட்டது. லாவோசும் 1986இல் சீர்திருத்தம் தொடங்கி 1997இல் இணைந்தது. ஆனால் அணைகளுக்குப் பெற்ற கடனில் ஆழ்ந்து, 2021இல் தனது உயரழுத்த மின்கடத்தற் கட்டமைப்பின் கட்டுப்பாட்டை 25 ஆண்டுச் சலுகை உரிமையின்கீழ்ச் சீனாவின் பெரும்பங்கு கொண்ட நிறுவனத்திடம் விட்டது. ஆசியான் இதைத் தடுக்கவில்லை. உறுப்பு நாடொன்றின் உள்விவகாரத்திற் தலையிடாமை அதன் அடிப்படைக் கொள்கை. இராணுவ ஆட்சியுடன் அதே 1997இல் உட்புகுந்த மியன்மாரில் 2021இல் மீண்டும் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. ஆகவே உறுப்புரிமை மட்டும் சனநாயகத்தையோ பொருளாதாரச் சுயாதீனத்தையோ கொண்டுவரும் என்ற கருத்தை நாம் ஏற்பதற்கில்லை.

நெடுந்தீவுக்கு இவையாவும் புதியனவல்ல. ஒல்லாந்தர் தமது நகரொன்றின் பெயரைச் சூட்டி இங்கு குதிரை வளர்த்தனர். தீவாரின் சம்மதம் கேட்கப்பட்டிருக்குமென்று எவரும் கருதார். 1974இல் பாக்கு நீரிணையில் இந்தியாவும் இலங்கையும் கடல் எல்லை வகுத்தபோது கச்சதீவு இலங்கைப் பக்கம் அமைந்தது. நிர்வாகத்தில் அது நெடுந்தீவுப் பிரதேச செயலகப் பிரிவைச் சார்ந்தது. ஆயினும் அக்கோட்டைக் கடந்து தமிழ்நாட்டு இழுவைப்படகுகள் வருவதும், வடபகுதி மீனவரின் வலைகள் அறுபடுவதும் ஓயவில்லை. இழுவைமடி முறையை இலங்கை 2017இல் சட்டத்தால் தடை செய்தது. இங்கே எதிர்நிற்போர் இரு கரைகளிலும் தமிழ் பேசும் உழைப்பாளர். ஒரு கரையிற் படகுடைமையாளரின் மூலதனம் அவர்களுக்குப் பின்னால் நிற்கின்றது. இரு நாடுகளும் பிம்ஸ்டெக் உறுப்பினர். மீன்பிடி அவ்வமைப்பின் ஒத்துழைப்புத் துறைகளுள் ஒன்று. எனினும் இப்பிணக்கு 2016இல் அமைக்கப்பட்ட இருதரப்புக் கூட்டுச் செயற்குழுவிலேயே பேசப்பட்டு வருகின்றது.