ஒரு கேப்சூல் காபியின் விலையில் எவை அடங்கும்?

காபி என்றால் வடிகட்டியில் இறங்கிய டிகாக்‌ஷனும் சுண்டக் காய்ச்சிய பாலும் என்று பழகியவர்கள், திருப்பூணித்துறையில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பத்தினர். இப்போது விற்பனைக்கு வரும் சிறு பெட்டிகளின் மேலோ வேறு சொற்கள் காணப்படுகின்றன: ஒரே இடத்து விளைச்சல், இயற்கை வேளாண்மை, இளவறுவல், ஒரு கோப்பைக்கு ஒரு கேப்சூல். இந்த நான்குக்கும் சேர்த்தே நாம் பணம் கொடுக்கிறோம். ஆனால், அவற்றின் பின்னால் நிற்கும் உறுதி ஒரே தன்மையது அன்று.

இந்தியக் காபிக்கு விளைந்த இடத்தின் பெயரைச் சொல்லி விற்கும் உரிமை அண்மைக் காலத்தில்தான் முழுமையாகக் கிடைத்தது. 1942ஆம் ஆண்டின் காபிச் சட்டத்தின்கீழ், விவசாயி தம் விளைச்சலைக் காபி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் ஒப்படைக்க வேண்டியிருந்தது. ஒரு தோட்டத்துக் கொட்டை மற்றொரு தோட்டத்துக் கொட்டையோடு தரவாரியாகச் சேர்ந்துவிடும். பணமோ விற்பனை நடக்க நடக்கப் பல தவணைகளில் வரும். விலை வீழ்ச்சியிலிருந்து இம்முறை விவசாயியைக் காத்தது உண்மையே. எனினும், தனிச் சுவைக்காக உழைத்தவருக்குத் தனிப் பெயர் கிடைக்கவில்லை. 1992 முதல் படிப்படியாகத் தளர்ந்த இந்த ஏற்பாடு 1996இல் முடிவுக்கு வந்தது.

2019இல் குடகு, சிக்கமகளூரு, பாபாபுதன்கிரி, அரக்குப் பள்ளத்தாக்கு ஆகியவற்றின் அராபிகாவும், வயநாட்டு ரொபஸ்டாவும் புவிசார் குறியீடு பெற்றன. இக்குறியீடு வட்டாரத்துக்கு உரியது. ஒரே தோட்டத்தில் விளைந்தது என்பதற்கு அது சான்றாகாது. தோட்டத்தின் பெயரும் அறுவடை ஆண்டும் பெட்டியில் இருக்கின்றனவா என்று பார்ப்பது நல்லது.

அரக்கின் கதை குறிப்பிடத்தக்கது. கிழக்குத் தொடர்ச்சி மலையில், நிழல் மரங்களின்கீழ்ப் பழங்குடி விவசாயிகள் தழையுரமும் தொழுவுரமும் இட்டு வளர்க்கும் அக்காபி, 2017இல் பாரிஸ் நகரில் தன் பெயரிலேயே கடை திறந்தது. ஆனால், நன்முறையில் பயிரிடுவது வேறு, அதற்குச் சான்று பெறுவது வேறு. காபி போன்ற பல்லாண்டுப் பயிர் பொதுவாக மூன்றாண்டு மாற்றக் காலத்தைக் கடந்த பின்னரே இயற்கை விளைபொருள் என்ற சான்றைப் பெறும். அந்த ஆண்டுகளில் விளைச்சல் குறைந்தாலும் கூடுதல் விலை கிடைக்காது. சிறு விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து சான்று பெற விதிகளில் இடமுண்டு. தனியொருவர் தாங்க இயலாத செலவு அது.

இளவறுவல் என்ற சொல்லுக்கு இத்தகைய சட்டப் பின்புலம் இல்லை. அது வறுப்பவரின் வாக்கு மட்டுமே. ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் கொட்டை முதன்முறை வெடிக்கும். அதன்பின் விரைவில் இறக்கினால் புளிப்பும் பழமணமும் நிற்கும். கருக வறுத்தால் எல்லா மலைக் காபியும் ஒன்றுபோல் கசக்கும். விளைந்த இடத்துக்கு விலை கொடுப்பவர் இளவறுவலைத் தேடுவது இதனால்தான். பாலும் சர்க்கரையும் நிறையச் சேர்த்து அருந்துவோருக்கு அந்த நுட்பம் பெரும்பாலும் வீண் செலவு என்பது என் கருத்து.

எஞ்சியது கேப்சூல். அரைத்த தூள் காற்றுப்பட்டால் விரைவில் மணம் இழக்கும். காற்றுப் புகாத உறை அதைத் தடுக்கிறது. இந்த நன்மையின் விலையைக் கிலோக் கணக்கில் பார்க்க வேண்டும். ஒரு கேப்சூலில் சுமார் 5.5 கிராம் தூள் இருப்பதாகவும் அதன் விலை ரூ.50 எனவும் கொள்வோம். பத்து கேப்சூல்களில் 55 கிராம், விலை ரூ.500. அதாவது, கிலோ ஏறத்தாழ ரூ.9,090. நாளொன்றுக்கு இரண்டு வீதம் ஆண்டுக்கு ரூ.36,500 ஆகிறது, இயந்திரத்தின் விலை தனி. இதே கணக்கைத் தாங்கள் வாங்கும் பெட்டிக்கும் போட்டுப் பார்த்து, வழக்கமாகத் தூள் வாங்கும் கடையின் விலைச்சீட்டோடு ஒப்பிடலாம். (அந்தத் தூளில் சிக்கரி கலந்திருந்தால் அதன் விழுக்காடு உறையில் அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.)

குப்பையும் ஒரு செலவே. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர நிர்வாகம் 2016இல் தன் அலுவலகங்களுக்குக் காபி கேப்சூல் வாங்குவதை நிறுத்தியது. அலுமினியத்தை மீண்டும் உருக்கலாம். ஆயினும் ஈரத்தூளோடு மூடிக்கிடக்கும் சிற்றுறையைப் பிரித்தெடுப்பது எளிதன்று. இயந்திரத்தை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு, மீண்டும் நிரப்பத்தக்க எஃகு கேப்சூல்கள் கிடைக்கின்றன. வாங்குமுன் இயந்திரத்தின் மாதிரிக்குப் பொருந்துமா என்று கேட்டுக்கொள்ளவும். தூளைச் சற்று நைசாக அரைக்கச் சொல்லவும்.