ரெண்டாவது நாயனம்

நாதஸ்வரக் கச்சேரின்னா என் கண் பெரும்பாலும் ரெண்டாவது நாயனக்காரர் மேலதான் இருக்கும். தஞ்சாவூர்ப் பக்கம் ஜோடி நாயனம்தான் வழக்கம். பெரியவர் ராகம் வாசிக்கும்போது இவர் ஸட்ஜத்தில் மெல்லக் கார்வை கொடுத்துக்கொண்டிருப்பார், இல்லாவிட்டால் சும்மா காத்திருப்பார். பெரியவர் திடீரென்று ஓரிடத்தில் நிறுத்துவார். அங்கிருந்து இவர் எடுக்கணும்.

எங்கே நிறுத்துகிறார் என்பதில்தான் எல்லாமே இருக்கு. மேல்ஸ்தாயியில், தனக்கு மட்டுமே பழகிய சிக்கலான சங்கதியின் நடுவில் விட்டால், சின்னவர் ஊர் முன்னால் முழிக்க வேண்டியதுதான். அதே தோடியில் காந்தாரத்திலோ தைவதத்திலோ வந்து நின்று கொடுத்தால், மேலே போக நாலு வழி திறந்திருக்கும். கேட்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாமலே போகலாம். சின்னவருக்குத் தெரியும்.

இதில் பாதி மூச்சுக் கணக்கு என்பதையும் சொல்லிடணும். சுவாமி புறப்பாட்டில் மணிக்கணக்காக வீதியில் நின்று ஊத ஒருத்தர் நெஞ்சால் ஆகாது. தேவையாகத் தொடங்கியது அப்புறம் மரியாதையாக ஆகியிருக்கும் என்பது என் எண்ணம்.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) ரோஷக்காரர். தனக்குரிய மரியாதையில் இம்மியும் விட்டுக்கொடுக்காதவர். அவர்தான் சிஷ்யர் காருகுறிச்சி அருணாசலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தார். அருணாசலம் காவிரிக்கரைக்காரர் கூட இல்லை, திருநெல்வேலிச் சீமை. 1962-ல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். ஜானகியோடு சேர்ந்து வாசித்திருப்பவர் இவர்தான். குரலும் நாயனமும் மாறி மாறி வரும் இடங்களைக் கேளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பழகிய காது அது.

ஜாஸிலும் இப்படி ஒரு ஜோடி உண்டு. 1922-ல் சிகாகோவில் இருந்த கிங் ஆலிவர், நியூ ஆர்லியன்ஸிலிருந்து இளம் லூயி ஆம்ஸ்ட்ராங்கை ரெண்டாவது கார்னெட் வாசிக்க வரவழைத்தார். கார்னெட், ட்ரம்பெட்டுக்குப் பங்காளி முறை. மற்ற வாத்தியங்கள் சட்டென நிற்க, இவர்கள் ரெண்டு பேர் மட்டும் ஒரு துணுக்கு வாசிப்பார்கள். தான் வாசிக்கப்போவதை ஆலிவர் முன்னாடியே ஜாடையாகக் காட்டிவிடுவார். ஆம்ஸ்ட்ராங் அதற்கு இசைவாக இன்னொன்றைப் பொருத்திவிடுவார்.

நம் தவிலில் இந்தப் பங்கீடு கணக்காகவே இருக்கு. தனியில் குறைப்பு வந்தால் ஆளுக்கு ரெண்டு ஆவர்த்தனம், அப்புறம் ஒண்ணு, அரை, கால் என்று குறைந்துகொண்டே வந்து, கடைசிக் கோர்வையை ரெண்டு தவிலும் சேர்ந்து வாசிக்கும். அப்போது நாயனக்காரர்களைப் பாருங்கள். வாத்தியத்தை ஓரமாக வைத்துவிட்டு, கையால் தாளம் போட்டுக்கொண்டிருப்பார்கள்.