மழை எங்கே பெய்கிறது?

கண்களை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் உட்காருங்கள். வலப்புறம் ஒரு சைக்கிள் மணி. இடப்புறம் பாத்திரம் உருளும் ஓசை. பின்னால் யாரோ நடந்துவரும் காலடிச் சத்தம். ஒவ்வொன்றும் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பார்க்காமலே சொல்லிவிடுகிறீர்கள். உங்களுக்கு இருப்பவையோ இரண்டே செவிகள். இது எப்படி முடிகிறது? இந்தக் கேள்விக்கு விடை தெரியாததால் ஒரு குடும்பத்தில் சிறு மனவருத்தமே ஏற்பட்டுவிட்டது. அந்தக் கதையைச் சொல்கிறேன்.

மரக்காணத்திலிருந்து புதுச்சேரி செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது கூனிமேடு. என் பழைய மாணவர் ஒருவரின் வீடு அங்கே. வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பியபோது அவர் ஒரு வீட்டுத் திரையரங்கு ஒலிச்சாதனம் வாங்கி வந்தார். முன்புறம் மூன்று, பின்புறம் இரண்டு, தாழ்ந்த ஒலிக்கென்று பெரிய பெட்டி ஒன்று, ஆக 6 ஒலிபெருக்கிகள். புதிதாகக் கட்டிய அறையில் பொருத்தியும் ஆயிற்று. ஆனால் படம் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் அவருடைய தந்தையார் எழுந்து வெளியே போய்விடுவார். "பேச்சே புரியவில்லை" என்பார்.

"அத்தாவுக்குக் காது மந்தமாகிவிட்டது சார். கருவி வைக்க வேண்டும்போலிருக்கிறது" என்றார் மாணவர்.

பெரியவர் பல ஆண்டுகள் உப்பளத்தில் வேலை செய்தவர். அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "காது மந்தமென்றால், அளத்தில் நாலு பாத்தி தள்ளி நிற்கிறவன் பேசுவது எனக்கு எப்படித் தம்பி கேட்கிறது? இந்த அறைக்குள் வந்தால்தான் ஒன்றும் விளங்கவில்லை."

நல்ல கேள்வி அல்லவா? பழுது காதிலா, அறையிலா? வாருங்கள், ஆராய்வோம்.

செவி திசையறிவது எப்படி?

ஒலி காற்றில் செல்லும் வேகம் 0 டிகிரி செல்சியசில் வினாடிக்கு 331 மீட்டர். வெப்பநிலை 1 டிகிரி உயர்ந்தால் வேகம் ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடும். கூனிமேட்டில் 30 டிகிரி வெப்பம் என்றால் வேகம் சுமார் 349 மீட்டர். வலப்புறமிருந்து வரும் ஒலி வலது செவியை முதலில் அடைகிறது. தலையைச் சுற்றி இடது செவிக்குப் போய்ச் சேரச் சற்றுத் தாமதமாகிறது. இந்தத் தாமதம் மிக அதிகமாகப் போனாலும் ஆயிரத்தில் ஒரு வினாடிகூட இல்லை. அத்துடன், உச்ச அதிர்வெண் ஒலிகளைத் தலை மறைப்பதால் இடது செவியில் அவற்றின் செறிவும் குறைகிறது. இவ்விரு வேறுபாடுகளையும் கொண்டே மூளை திசையைக் கணிக்கிறது என்று ராலே பிரபு 1907இல் விளக்கினார்.

இதை நீங்களே சோதிக்கலாம். சுமார் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள ரப்பர் குழாயை முதுகுப்புறமாகக் கொண்டுவந்து, இரு முனைகளையும் இரு செவிகளின் வாயிலில் மெதுவாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நடுப்புள்ளிக்கு 2 செ.மீ. தள்ளி நண்பரை ஒரு பென்சிலால் மெல்லத் தட்டச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் தட்டினார் என்று பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுவீர்கள். பாதை வேறுபாடு 4 செ.மீ.; கால வேறுபாடு ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு வினாடி! எந்தக் கைக்கடிகாரமும் காட்டாத நேரம் இது.

நேர் முன்னாலிருந்தும் நேர் பின்னாலிருந்தும் வரும் ஒலிகளுக்கு இந்த வேறுபாடு இல்லை. அங்கே செவிமடலின் வடிவமும், நாம் தலையைத் திருப்பும் பழக்கமும் உதவிக்கு வருகின்றன.

ஒலி நம்மைச் சூழ்ந்த வரலாறு

திரையில் நடிகர் நகரும்போது குரலும் உடன் நகர வேண்டும் என்று எண்ணிய ஆங்கிலப் பொறியாளர் ஆலன் புளூம்லைன், 1931இல் இரட்டைத்தட ஒலிப்பதிவுக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். 1940இல் வால்ட் டிஸ்னியின் 'பேன்டேசியா' படத்திற்காக, பார்வையாளரைச் சுற்றி ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. தமிழில் டால்பி ஸ்டீரியோ முறையில் வந்த தொடக்ககாலப் படங்களுள் ஒன்று 1995இல் வெளியான 'குருதிப்புனல்'. 2012இல் முப்பரிமாணத்தில் மீண்டும் வெளிவந்த 'சிவாஜி', மேற்கூரையிலும் ஒலிபெருக்கி வைக்கும் டால்பி அட்மாஸ் முறைக்கு மாற்றப்பட்டது. திரையரங்கு பெரியது, வீட்டு அறை சிறியது. தொல்லை இங்கேதான் ஆரம்பமாகிறது.

முதல் பிழை: தூரம்

அறையின் நீளம் 5 மீட்டர், அகலம் 4 மீட்டர், உயரம் 3 மீட்டர். பின் ஒலிபெருக்கிகள் இரண்டும் பின்சுவர் அலமாரியில், உட்கார்ந்தவரின் காது மட்டத்தில் இருந்தன. பெரியவரின் சாய்வு நாற்காலி பின் மூலையில். அதாவது, மழைச் சத்தம் தரும் ஒலிபெருக்கி அவருக்கு 1 மீட்டரில். பேச்சைத் தரும் நடு ஒலிபெருக்கியோ 4 மீட்டரில்.

எதிர்த்தகவு இருமடி விதியை நினைவுகூருங்கள். தூரம் 4 மடங்கானால் நேரடி ஒலியின் செறிவு 16இல் ஒரு பங்காகிவிடும். இது 12 டெசிபெல் வேறுபாடு. திரையில் இருவர் மழையில் பேசுகிறார்கள். பெரியவருக்கு மழை மட்டுமே கேட்கிறது!

பேச்சு கேட்கட்டும் என்று மாணவர் எல்லா ஒலிபெருக்கிகளிலும் ஒரே ஒலி வரும்படி பொத்தானை மாற்றிப் பார்த்தார். அப்போது நடிகரின் குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. ஏன்? பின்னாலுள்ள ஒலி 3 மீட்டர் குறைவாகப் பயணம் செய்கிறது. ஆகவே ஆயிரத்தில் 9 வினாடி முந்திவிடுகிறது. இப்படி ஒரே ஒலி இருமுறை மிகக் குறுகிய இடைவெளியில் வந்தால், முதலில் வந்த திசையையே மூளை ஏற்கிறது. 1949இல் ஜெர்மனியில் ஹெல்மட் ஹாஸ் இதை விரிவாக ஆராய்ந்தார். திரையரங்குகளில் பக்கவாட்டு ஒலிபெருக்கிகளை மின்னணு முறையில் சற்றுத் தாமதப்படுத்துவது இதனால்தான்.

இரண்டாம் பிழை: வெறுஞ்சுவர்

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருவோம். உப்பளம் திறந்த வெளி. பேசிய சொல் ஒருமுறை செவியை அடைந்து, பிறகு போயே போய்விடுகிறது. அறையிலோ அது சுவருக்குச் சுவர் மோதித் திரும்பத் திரும்ப வருகிறது. இதுவே எதிர்முழக்கம்.

1895இல் ஹார்வார்டு பல்கலைக்கழகத்தின் புதிய விரிவுரை மண்டபம் ஒன்றில் பேச்சு புரியாமல் போயிற்று. அதைச் சீர்செய்யும் பொறுப்பு வாலஸ் சாபின் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. அவர் வேறொரு அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவு வேளைகளில் கொண்டுவந்து பரப்பி, ஆர்கன் குழாயை ஒலித்து, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். அவர் கண்ட விதி எளியது: எதிர்முழக்க நேரம், 0.161ஐ அறையின் கன அளவால் பெருக்கி, மொத்த உட்கவர் பரப்பால் வகுத்தால் கிடைக்கும்.

நம் அறைக்குக் கணக்கிடுவோம். கன அளவு 60 கன மீட்டர். சுவர், தரை, கூரை மொத்தம் 94 சதுர மீட்டர். சிமெண்டுப் பூச்சின் உட்கவர் எண் 0.03 என்று கொண்டால் உட்கவர் பரப்பு 2.8 சதுர மீட்டர்தான். ஆகவே, வெறும் அறையில் எதிர்முழக்க நேரம் சுமார் 3.4 வினாடி! ஒரு சொல் அடங்குமுன் அடுத்த பத்துச் சொற்கள் வந்து மேலே விழுகின்றன. க, ச, த போன்ற மெய்யொலிகள் செறிவு குறைந்தவை. அவையே முதலில் மூழ்கும். வயதானால் உச்ச அதிர்வெண்களைக் கேட்கும் திறன் இயல்பாகவே குறைவதால், பெரியவர்களுக்கே இந்த இடர் முதலில் தெரிகிறது.

திறந்த ஜன்னல் எல்லா ஒலியையும் 'விழுங்கும்' என்பதால் சாபின் அதையே அளவுகோலாகக் கொண்டார். ஆனால் கூனிமேட்டில் ஜன்னலைத் திறந்தால் உப்புக் காற்று உள்ளே வருமே! கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை எளிதில் உறிஞ்சுவது. அந்த ஈரம் செம்புக் கம்பி முனைகளைப் பச்சை பூக்கச் செய்து, மின்தொடர்பையும் கெடுத்துவிடும். ஆதலால் ஜன்னலை மூடித் தடித்த திரை போட்டோம். தரையில் கம்பளம், பின்சுவரில் பழைய பஞ்சு மெத்தைகள். 0.5 உட்கவர் எண்ணுள்ள பொருள் 20 சதுர மீட்டர் சேர்ந்தால் உட்கவர் பரப்பு ஏறத்தாழ 12.8 ஆகும், எதிர்முழக்க நேரமும் முக்கால் வினாடிக்கு இறங்கிவிடும்.

ஒலிபெருக்கிகளுக்குப் புதிய இடம்

இருக்கையை முன்சுவரிலிருந்து 3 மீட்டரில், அறையின் நடுவே போட்டோம். முன்புறத்து இடவல ஒலிபெருக்கிகள் பார்வைக் கோட்டிலிருந்து 30 டிகிரியில். பின்னவை 100 முதல் 120 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதாவது முதுகுக்கு நேர் பின்னால் அல்ல. பக்கவாட்டில், சற்றுப் பின்தள்ளி. அங்கிருந்து வரும் ஒலி இரு செவிகளுக்கும் வெவ்வேறாக இருப்பதால்தான் 'சூழ்ந்த' உணர்வு உண்டாகிறது. 110 டிகிரி என்றால், பக்கச் சுவரில், இருக்கைக்கு முக்கால் மீட்டர் பின்னால் என்று முக்கோணவியல் சொல்லிற்று.

உயரம்? காது மட்டத்திற்கு மேல் 70 செ.மீ. ஓரத்தில் உட்காருபவர் சுவரிலிருந்து 1 மீட்டரில், நடுவில் இருப்பவர் 2 மீட்டரில். காது மட்டத்தில், நேர் பக்கத்தில் வைத்தால் ஓரத்தவருக்கு 4 மடங்கு செறிவு. உயர்த்திப் பின்தள்ளியதும் அது இரண்டரை மடங்காகக் குறைகிறது. பித்தகோரசு தேற்றத்தால் சரிபாருங்கள்! பிறகு ஒவ்வொரு ஒலிபெருக்கியின் தூரத்தையும் நாடாவால் அளந்து சாதனத்தில் பதித்தோம். தேவையான தாமதத்தை அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். தாழ்ந்த ஒலிப் பெட்டிக்கு இவ்வளவு கவலை வேண்டாம். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 7 மீட்டர். அதன் திசையைச் செவி எளிதில் அறியாது.

அன்றிரவு அதே மழைக் காட்சியைப் போட்டோம். பெரியவர் நடு இருக்கையில் அமர்ந்தார். சற்று நேரத்தில் ஜன்னல் திரையை விலக்கி வெளியே பார்த்து, "மழை இல்லையே!" என்றார். படம் முடியும்வரை எழுந்திருக்கவில்லை. இருந்தாலும் ஒருமுறை செவி மருத்துவரிடம் காட்டும்படி சொல்லிவிட்டு வந்தேன். அறையின் பழுதை நீக்கிய பின்தான் செவியின் குறையைச் சரியாக அறிய முடியும்.

உங்கள் வகுப்பறைக்குள் நுழைந்து ஒருமுறை கைதட்டுங்கள். மாணவர்கள் நிறைந்தபின் மறுபடி தட்டிப் பாருங்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து, "சார், புரியவில்லை" என்று சொல்லும் நண்பனைக் கேலி செய்யுமுன், அறையின் நீள அகலங்களை அளந்து சாபினின் விதியில் போட்டுப் பாருங்கள்.